சர்வீஸில் பெல்ட்டைத் தப்பாக மாட்டிவிட்டால் என்ன செய்வது?

எனக்குப் பாளையங்கோட்டையில் வீடு, களக்காட்டுப் பக்கம் பள்ளிக்கூடம். வேலைநாளில் போக வர 80 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிற கார் என்னுடையது. ஒரு சர்வீஸில் பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறது என்று சொல்லிப் புதுசு மாட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததுமே அணில் கத்துவது போல விட்டு விட்டு ஒரு கீச்சுச் சத்தம். போன் செய்து கேட்டேன். புது பெல்ட் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நம்பினேன். நாலாம் நாள், நாங்குநேரிக்குக் கொஞ்சம் முன்னால், நாலுவழிச் சாலையில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே இன்ஜின் சூட்டைக் காட்டும் விளக்கும் எரிந்தது. ஓரம் கட்டிவிட்டேன்.

தெரிந்தவர் சொல்லி நாங்குநேரியிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணாச்சி பைக்கில் வந்தார். பானெட்டைத் திறந்தவர் கையை உள்ளே விடவில்லை. போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “டீச்சர், இங்க பாருங்க. புல்லியில ஆறு பள்ளம், பெல்ட்டுல ஆறு வரி. ஒரு வரி வெளிய தொங்குது, உள்ள ஒரு பள்ளம் சும்மா கெடக்கு, பாத்தியளா?” புல்லி என்றால் பெல்ட் ஓடுகிற சக்கரம். வரி என்பது பெல்ட்டின் உள்பக்கம் நீளவாட்டில் ஓடும் மேடு, அது புல்லியின் பள்ளத்தில் உட்கார வேண்டும். பெல்ட்டின் ஓரம் நைந்து, பனைநார் உரித்துப் போட்டது போல நூல் நூலாகப் புல்லியின் கழுத்தில் சுற்றிக் கிடந்தது. பக்கத்து இரும்பிலெல்லாம் கறுப்புத் தூள். ஸ்பானரை எடுக்கப் போனவர் நின்று, “மொதல்ல போட்டா எடுத்துக்கிடுங்க. நான் கழட்டிட்டேன்னா இது வெறும் பிஞ்ச பெல்ட்டுதான்” என்றார்.

அந்தச் சொல்தான் எனக்குப் பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தது. புதிதாகக் கார் வாங்கி, ஷோரூம் சர்வீஸுக்கு முதல் இரண்டு மூன்று முறை விடப்போகிறவர்களுக்காக, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எந்த பெல்ட்டைச் சொல்கிறார்கள்?

சர்வீஸ் அட்வைசர் “பெல்ட் மாத்தணும்” என்றால், முதலில் எந்த பெல்ட் என்று கேளுங்கள். காரில் பொதுவாக இரண்டு வகை உண்டு, இரண்டின் விலையும் ஆபத்தும் வேறு வேறு.

ஒன்று, இன்ஜினுக்கு வெளியே, பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால் ஓரத்தில் தெரிகிற பெல்ட். நம் ஊரில் இன்னும் ஃபேன் பெல்ட் என்றுதான் சொல்கிறோம். இன்றைய பெரும்பாலான கார்களில் ஃபேன் கரண்டில் ஓடுகிறது, ஆனால் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பில்லில் டிரைவ் பெல்ட் என்று இருக்கும். இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க்கின் புல்லி சுற்றும்போது இந்த பெல்ட் சேர்ந்து சுற்றி, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும் ஓட்டுகிறது. மெக்கானிக்குகள் ஆல்டர்னேட்டரை டைனமோ என்பார்கள். பல வண்டிகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில்தான் ஓடும். என் வண்டியில் அப்படித்தான். பெல்ட் வழுக்கியதும் டைனமோவும் நின்றது, தண்ணீரும் சுற்றவில்லை. அதனால்தான் இரண்டு விளக்கும் அடுத்தடுத்து வந்தன.

இன்னொன்று டைமிங் பெல்ட். இது மூடிக்குள் இருக்கும், வெளியே தெரியாது. கீழே கிராங்க் 2 சுற்று சுற்றினால் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் சரியாக 1 சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் வேலை. எல்லா வண்டியிலும் இது கிடையாது. ஸ்விஃப்ட்டின் பழைய 1.3 லிட்டர் டீசலில் இருப்பது செயின். டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல், பழைய மாருதி 800 போன்றவற்றில் பெல்ட். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது, எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும் என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும். கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ஓடாமல் வீட்டில் நிற்கிற வண்டியிலும் ரப்பருக்கு வயதாகும்.

டிரைவ் பெல்ட் தப்பாக மாட்டினால் பெரும்பாலும் வழியில் நிற்போம். டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டினால் வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுகிற ஐட்லிங்கில் உதறும், இழுவை குறையும், இன்ஜின் விளக்கு எரியும். பல பற்கள் தள்ளிப் போனாலோ ஓட்டத்தில் அறுந்தாலோ பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வில் இடித்து அதை வளைத்துவிடும். அப்புறம் இன்ஜினின் மேல்பகுதியான தலையையே இறக்க வேண்டிய வேலை. அதனால் டைமிங் பெல்ட் மாற்றிய பின் வண்டி உதறினால் “கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. அங்கேயே நிறுத்திச் சொல்லிவிடுங்கள்.

வண்டியை விடும்போது

சனிக்கிழமை காலையில் விடாதீர்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்தின வாரமும் குற்றால சீசனில் வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். எல்லாரும் அன்றைக்கே வண்டியைக் கொண்டுவந்து, அன்றைக்கே வேண்டும் என்று நிற்பார்கள். அவசரத்தில் செய்த வேலையின் விளைவை நான் நடுரோட்டில் பார்த்திருக்கிறேன். செவ்வாயோ புதனோ விட்டால் அட்வைசருக்கும் பேச நேரம் இருக்கும், மெக்கானிக்குக்கும் நிதானம் இருக்கும்.

செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கிற ஜாப் கார்டு எழுதும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். இந்தக் காகிதம்தான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அதில் நோயின் பெயரை எழுதச் சொல்லாதீர்கள், நீங்கள் கண்டதையும் கேட்டதையும் சொல்லுங்கள். “பெல்ட் லூஸ்” என்று எழுதினால், இறுக்கிவிட்டோம் என்று முடித்துவிடுவார்கள். “காலையில் முதல் ஸ்டார்ட்டில் வலது பக்கத்திலிருந்து கீச்சென்று சத்தம், ஏசி போட்டால் கூடுகிறது” என்று எழுதினால் அந்தச் சத்தத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். ஓடிய கிலோமீட்டர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். “கூடுதல் வேலைக்கு முன் போனில் ஒப்புதல் பெறவும்”, “கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்” என்ற இரண்டு வரிகளையும் எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டைக் காகிதத்திலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கத் தயங்கவே வேண்டாம். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள். அதன் முதுகில் எழுத்தும் எண்ணும் அச்சிட்டிருக்கும். உதாரணமாக 6பிகே1125 என்ற குறியை எடுத்துக்கொள்ளுங்கள். 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, பிகே என்பது வரியின் வடிவம், 1125 என்பது மில்லிமீட்டரில் நீளம். பழையதில் இருக்கிற எண்ணும் புதியதில் இருக்கிற எண்ணும் ஒத்துப்போகிறதா என்று நாமே பார்த்துவிடலாம். கம்பெனி பாகமாக இருந்தால் முதுகில் கம்பெனியின் பாக எண் மட்டும் இருக்கலாம். அப்போது புது பெல்ட் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு, அதில் இருக்கும் எண்ணையும் பில்லில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். நீளம் கொஞ்சம் கூடினால் வழுக்கும். குறைந்தால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் எட்ட முடியாத எல்லைக்குப் போய் நிற்கும், டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் அந்தச் சுமையைத் தாங்கித் தேயும்.

பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம்

இந்த ஐந்து நிமிடத்தை நான் அன்றைக்குச் செலவழித்திருந்தால் நாங்குநேரியில் நின்றிருக்க மாட்டேன். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

பில் போடுகிற இடத்துக்குப் போகும் முன் வண்டிக்குப் போங்கள். இன்ஜின் நின்றிருக்க வேண்டும், சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, பெல்ட் ஓடுகிற பக்கத்தில் போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். சாய்த்து அடித்தால் வரிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நிழல் விழும், எண்ணலாம். கண்ணுக்கு எட்டுகிற ஒவ்வொரு புல்லியிலும் பெல்ட்டின் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். ஓரம் புல்லியின் விளிம்புக்குள் அடங்கி இருக்க வேண்டும். ஒரு பக்கம் பெல்ட் வெளியே நீட்டிக்கொண்டு, மறு பக்கம் வெறும் பள்ளம் பளபளவென்று தெரிந்தால் ஒரு வரி தள்ளி மாட்டியிருக்கிறார்கள். என் வண்டியில் கிராங்க் புல்லியில் சரியாக உட்கார்ந்து, டைனமோ புல்லியில் மட்டும் தள்ளி இருந்தது. ஆக, ஒரு புல்லியைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். கண் எட்டாத கீழ்ப் பக்கத்துக்கு போனை உள்ளே நீட்டி ஒரு வீடியோ எடுத்தால் போதும்.

அடுத்து, ஓரத்தில் வெட்டு, பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் டென்ஷனரே இருக்காது. தானே இழுத்துப் பிடித்துக்கொள்கிற மாதிரி கொஞ்சம் நீளக்கூடிய பெல்ட்டைப் போட்டிருப்பார்கள். அதை மாட்டுவதற்கென்று தனிக் கருவி உண்டு. கருவி இல்லாமல் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்து, ஓரத்தில் பல் பட்டது போலத் தடம் விழும். புது பெல்ட்டில் அப்படி ஒரு தடம் இருந்தால் வாங்க மறுப்பதுதான் சரி.

இனி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, தளர்ந்த முழுக்கை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எதுவும் முன்னால் தொங்கக் கூடாது. பின்னல் போட்டிருந்தால் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஓடுகிற பெல்ட்டின் பக்கம் கை போகவே கூடாது. ஒரு எட்டு தள்ளி நின்று கேளுங்கள். ஏசியைப் போடச் சொல்லுங்கள், ஹெட்லைட்டையும் பின் கண்ணாடி ஹீட்டரையும் போடச் சொல்லுங்கள். டைனமோவுக்கும் கம்ப்ரசருக்கும் சுமை ஏறும்போதுதான் குறை சத்தம் போடும்.

சத்தத்தில் இரண்டு வகை உண்டு. விட்டு விட்டு வரும் கீச், கீச் பெரும்பாலும் பெல்ட் கோணலாக ஓடுவதால் வருவது. நீளமாக, கிரீச்சென்று இழுத்துக்கொண்டு வருவது இறுக்கம் போதாமல் வழுக்குவதால் வருவது. சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் காட்டச் சொல்லலாம். தண்ணீர் பட்டதும் சத்தம் சற்று அடங்கித் திரும்ப வந்தால் கோணல், கூடினால் இறுக்கக் குறைவு. இதை அவர்தான் செய்ய வேண்டும், நாம் வேண்டாம்.

சோப்பைத் தேய்க்கிறேன், மெழுகைத் தடவுகிறேன், ஸ்ப்ரே அடிக்கிறேன் என்று வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் சத்தம் நிற்கும், குறை அப்படியே இருக்கும், மேலே தூசியும் ஒட்டும். திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி மண்ணிலும், ஆனி ஆடிக் காற்றில் வள்ளியூர், பணகுடிப் பக்கமும் ஓடுகிற வண்டிகளுக்கு இது இன்னும் மோசம். பிசுபிசுப்பில் ஒட்டிய மணல் பெல்ட்டை அரம் போல அராவும். “புது பெல்ட் பழகணும்” என்ற பதிலையும் ஏற்காதீர்கள். சரியான நீளத்தில், சரியாக மாட்டிய புது பெல்ட் முதல் நாளிலிருந்தே சத்தமில்லாமல்தான் ஓடும்.

மாற்றியது டைமிங் பெல்ட் என்றால் நாம் கண்ணால் பார்க்க எதுவும் இல்லை. கேட்கத்தான் வேண்டும். கிராங்க்கிலும் கேமிலும் இருக்கிற குறிகளை ஒத்துவைத்து மாட்டிய பிறகு கிராங்க்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றிக் குறிகளைத் திரும்பப் பார்த்தீர்களா? டென்ஷனரும், பெல்ட்டைத் தாங்கிச் சுற்றுகிற ஐட்லர் சக்கரமும் பெல்ட்டோடு சேர்த்து மாற்றினீர்களா? இந்த இரண்டு கேள்விக்கும் மெக்கானிக்கே வந்து பதில் சொன்னால் நல்லது. மூடியைத் திரும்பப் போடும் முன் குறிகளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று காலையிலேயே சொல்லி வைக்கலாம். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்.

வழியில் நின்றுவிட்டால்

பேட்டரி விளக்கும் சூட்டு விளக்கும் சேர்ந்து வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அடுத்த ஊர் 3 கிலோமீட்டர்தான் என்று ஓட்டினால் இன்ஜின் தலை வளைந்துவிடலாம். பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தாலும் புதிதாக ஓட்டுகிறவர்கள் நிறுத்துவதே நல்லது. உங்கள் வண்டியில் வாட்டர் பம்ப் எந்த பெல்ட்டில் ஓடுகிறது என்று அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியாது. பானெட்டைத் திறந்தாலும் கூலன்ட் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே கொதிக்கிற தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும், திறந்த வேகத்தில் முகத்துக்கு வரும்.

நாலுவழிச் சாலையில் இடது ஓரம் முடிந்த மட்டும் ஒதுக்கி, நாலு இண்டிகேட்டரையும் போட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். ஆடி மாதக் காற்றில் அது விழுந்துவிடும், அடியில் ஒரு கல்லை வையுங்கள். ஆட்கள் வண்டிக்குள் இருக்க வேண்டாம், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. கம்பெனியின் சாலையோர உதவி எண் வாரண்டிப் புத்தகத்தில் இருக்கும். இன்சூரன்ஸில் அந்த வசதி எடுத்திருந்தால் பாலிசிக் காகிதத்திலும் இருக்கும். இரண்டையும் இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். களக்காடு, மாஞ்சோலைப் பக்கம் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது, இணையத்தில் தேடிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிற வண்டி என்றால் வழியில் யாரையும் கழற்ற விடாமல் தூக்கிக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு. என்னுடையது வாரண்டி முடிந்த வண்டி, அண்ணாச்சியை நம்பலாம் என்று தெரியும், அதனால் கழற்ற விட்டேன். அதுவும் போட்டோ எடுத்த பிறகுதான்.

போட்டோ எடுப்பது எப்படி?

முதலில் தள்ளி நின்று, வண்டியின் நம்பர் பிளேட்டும் திறந்த பானெட்டும் ஒரே படத்தில் வரட்டும். இல்லையென்றால் பின்னால் இது வேறு வண்டி என்று சொல்ல இடம் இருக்கும். அப்புறம் கொஞ்சம் கிட்டே, இன்ஜினின் அந்தப் பக்கம் முழுதும். அப்புறம் தள்ளி மாட்டிய புல்லியை மட்டும் மிகக் கிட்டே, டார்ச் சாய்வாக அடித்து. மீட்டரில் கிலோமீட்டர், எரிகிற விளக்குகள். கடைசியாக, பானெட்டிலிருந்து தொடங்கிப் புல்லிவரை போய்த் திரும்பவும் நம்பர் பிளேட்டுக்கு வருகிற, நடுவில் நிறுத்தாத ஒரு வீடியோ. எல்லாம் இன்ஜின் அணைந்திருக்கும்போதுதான். உடனே வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள், நாளும் நேரமும் பதிந்து நிற்கும்.

கழற்றிய பெல்ட்டையும் சுற்றிக் கிடந்த நூலையும் ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். துடைக்காதீர்கள், அந்தக் கறுப்புத் தூளும் சாட்சிதான். வழியில் உதவிய மெக்கானிக்கிடம், பார்த்ததை ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கு வண்டிக்குக் கொடுத்த காசுக்கு ரசீது வாங்குங்கள்.

ஷோரூமில் பேசுவது

அட்வைசரிடமிருந்து எனக்கு முதலில் மூன்று பதில் கிடைத்தது. ரோட்டில் கல் தெறித்திருக்கும், வெளி மெக்கானிக் கை வைத்ததால் ஆகியிருக்கும், புது பெல்ட்டிலேயே குறை இருந்திருக்கும். நான் சத்தம் போடவில்லை. போட்டோவைக் காட்டி, “தம்பி, இந்தப் புல்லியில எத்தனை பள்ளம் இருக்குன்னு நீங்களே எண்ணிச் சொல்லுங்க” என்று மட்டும் கேட்டேன். எண்ணினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. “மேடம், ஒரு நிமிஷம்” என்று உள்ளே போய் ஒர்க்ஸ் மேனேஜரைக் கூட்டி வந்தார்.

நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். முதலில் அட்வைசர், அப்புறம் ஒர்க்ஸ் மேனேஜர் அல்லது சர்வீஸ் மேனேஜர், அதற்கும் அசையவில்லை என்றால் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண். அங்கே புகார் எண் கொடுப்பார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷோரூம் வேறு, கம்பெனி வேறு. ஷோரூம் ஒரு டீலருடையது. கம்பெனியில் புகார் பதிவானால் டீலர் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வாயால் பேசியது எல்லாவற்றையும் அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

“ஜாப் கார்டு எண் ……, தேதி ……. அன்று என் காருக்கு (பதிவு எண் ……) தங்கள் பணிமனையில் டிரைவ் பெல்ட் மாற்றப்பட்டது. அப்போது ஓடியிருந்த தூரம் …… கி.மீ. இன்று …… கி.மீ.யில், நாங்குநேரி அருகே பேட்டரி விளக்கும் வெப்ப எச்சரிக்கை விளக்கும் எரிந்ததால் வண்டியை நிறுத்தினேன். ஆல்டர்னேட்டர் புல்லியில் பெல்ட் ஒரு வரி தள்ளி மாட்டப்பட்டு, ஓரம் நைந்திருப்பதை இணைத்துள்ள படங்களில் காணலாம். கழற்றிய பெல்ட் என்னிடம் உள்ளது. என் முன்னிலையில் வண்டியைப் பரிசோதித்து, பெல்ட்டைக் கட்டணமின்றி மாற்றி, புல்லிகள், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றுக்குப் பாதிப்பு உள்ளதா என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். தூக்கு வண்டிச் செலவின் ரசீதும் இணைத்துள்ளேன். 7 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.”

திட்டு, குற்றச்சாட்டு, “இப்படித்தான் எல்லாரையும் ஏமாத்துறீங்க” எதுவும் இதில் இல்லை. இந்தக் கடிதத்தை நாளை இன்னொருவர் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிவரலாம் என்று நினைத்து எழுதுங்கள். கேட்பதையும் அளந்து கேளுங்கள். பெல்ட் தப்பியதற்கு இன்ஜினே புதுசு வேண்டும் என்று தொடங்கினால் நியாயமான பங்கும் போய்விடும். அதே சமயம் பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிடவும் கூடாது. சூடு ஏறிய இன்ஜினில் கூலன்ட் குறைகிறதா, தலைப் பக்கம் கசிவு இருக்கிறதா என்று பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கழற்றிய பெல்ட்டைக் கொடுங்கள், கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள். கொடுக்கலாம், ஆனால் நீளவாட்டில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிய பிறகு. வேலை முடிந்ததும் திருப்தி என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். ஓட்டிப் பார்க்காமல் போடாதீர்கள். எனக்குப் பதினோரு நாளில் புது பெல்ட், தூக்கு வண்டிக் காசு, முதல் தடவை வாங்கிய கூலி மூன்றும் வந்தன.

இங்கே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண கார் இன்சூரன்ஸ் விபத்து, திருட்டு போன்றவற்றுக்குத்தான், இயந்திரக் கோளாறுக்குக் கிடையாது. பெல்ட் தப்பி இன்ஜின் கெட்டால் அதைக் கேட்க வேண்டிய இடம் வேலை செய்த பணிமனைதான்.

அதற்கும் மசியவில்லை என்றால்

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டுப் புகாரைப் பதியலாம், அவர்கள் அதைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல விஷயங்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு நமக்கு ஒரு பெரிய வசதி கிடைத்திருக்கிறது. வண்டியை நாகர்கோவிலிலோ மதுரையிலோ சர்வீஸுக்கு விட்டிருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலி ஆணையத்துக்கே போகலாம். குறை நேர்ந்த 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. சர்வீஸ் பில் அதற்குள் அடங்கிவிடும். வக்கீல் கட்டாயமில்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகவும் பதியலாம். பரிசோதனை தேவைப்படாத புகாரை 3 மாதத்திலும் தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாக ஆகலாம் என்று நினைத்துக்கொண்டு போங்கள். ஜாப் கார்டு, பில், படங்கள், மின்னஞ்சல்கள், மெக்கானிக்கின் சீட்டு, தூக்கு வண்டி ரசீது எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கினாலே புகாரில் பாதி வேலை முடிந்துவிடும்.

திரும்ப மாட்டிக் கொடுத்த பிறகு

வண்டியைத் திரும்ப வாங்கும்போது அதே ஐந்து நிமிடத்தை இன்னொரு தடவை செலவழியுங்கள். பேட்டரியில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் இருந்தால் டைனமோ சரியாக சார்ஜ் ஏற்றுகிறது. பல புது வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், எண் கொஞ்சம் மாறினால் பயப்பட வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் அட்வைசரையோ மெக்கானிக்கையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஏசியும் ஹெட்லைட்டும் போட்டுக்கொண்டு பைபாஸில் ஒரு சுற்று போய் வாருங்கள். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை நெரிசலில் ஊர்ந்தால் ஐட்லிங் சத்தம் கேட்கும், பைபாஸில் வேகம் பிடித்தால் மற்றது கேட்கும். இரண்டும் வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் காலையில் முதல் ஸ்டார்ட்டைக் காது கொடுத்துக் கேளுங்கள், கூலன்ட் அளவை இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். வார முடிவில் பானெட்டைத் திறந்து டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். எல்லாப் பள்ளத்திலும் வரி உட்கார்ந்து, ஓரத்தில் நூல் பிரியாமல், பக்கத்து இரும்பில் கறுப்புத் தூள் இல்லாமல் இருந்தால் பெல்ட்டை அடுத்த சர்வீஸ்வரை விட்டுவிடலாம். பையில் கட்டி வைத்த பழைய பெல்ட்டை மட்டும் இன்னும் ஒரு வருடம் பத்திரமாக வையுங்கள்.